நீலத்துக்குள் ஒன்பது வீடுகள்

அணையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதற்குப் பத்து மாதம் முன்பே மேட்டுக் குடியிருப்பின் ஒன்பது வீடுகளும் மூழ்கிவிட்டன. ஐம்பத்து நான்காம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அது நடந்தது. அந்நேரம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் நீலம் பூசி முடித்துத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். வரைபடம் அச்சாகி வர ஒன்றரை வருடம் இழுக்கும் என்பதால், வரப்போகும் ஏரியை முன்கூட்டியே பூசிவிடுவது அங்கே வழக்கம். கை பட்டு மை கலையாதிருக்க அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வார். அன்று நிலத்தின் உயரம் காட்டும் கோடுகளை எண்ணியதில் ஒன்று தவறிவிட்டது. ஐந்நூறு அடியில் நிற்கவேண்டிய நீலம் ஐந்நூற்று இருபதுக்கு ஏறிவிட்டது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அவருடைய அக்கா வீடு இருந்தது.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் பதறிக்கொண்டு போனார். சாலையில் புழுதி பறந்தது. மைல்கல்லைத் தாண்டியதும் புழுதி அடங்கி, கொடியில் கிடந்த துணிகள் மேல்நோக்கி நின்றன. அடுப்பு வழக்கம்போல எரிந்தது. அதன்மேல் ஒரு கெண்டை மீன் சாவகாசமாகத் திரும்பியது. வரைபடத்தில் இருந்தவர்களுக்குச் சிரமமில்லை. வெளியிலிருந்து வந்த இவருக்குத்தான் வாசற்படியிலேயே மூச்சு முட்டியது.

"மூச்செல்லாம் பழகிடுச்சு தம்பி," என்றாள் அக்கா. "நீ வாசல்லயே நிக்கிறதுதான் பழக மாட்டேங்குது."

மேலதிகாரி பிழையைக் கண்டுபிடித்து, பிளேடால் சுரண்டச் சொன்னார். வரைவாளர் முதலில் தாளின் ஓரத்து வீட்டில், செருப்புத் தைப்பவர் வீட்டில், சோதித்துப் பார்த்தார். நீலம் போனது, அடியிலிருந்து நிலம் வரவில்லை, வெள்ளைத் தாள்தான் வந்தது. மறுநாள் அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் கேட்டால், இங்கே எப்போதும் எட்டு வீடுதானே என்றார்கள். வரைவாளர் பிளேடை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சுரண்டிடுங்க," என்றார் மேலதிகாரி. "இல்லன்னா நானே சுரண்டிடுவேன்."

அச்சுக்குப் போன தாளை யாரும் சுரண்ட முடியாது. வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வரைவாளர் அந்த வெள்ளை இடத்தில் மறுபடி நீலம் பூசினார். அதன்மேல் வீட்டுக்குரிய சிறு கறுப்புச் சதுரம் ஒன்றை வரைந்து, மை காயும்வரை ஊதினார். பிறகு அந்த நீலத்துக்குள்ளேயே, அக்கா வீட்டை ஒட்டி, கையெழுத்திட்டுத் தாளை அச்சகத்துக்கு அனுப்பிவைத்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அவருடைய நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெயிலில் வைத்தார்கள், இன்னும் காயவில்லை.

அணை நிரம்பியபோது தண்ணீர் ஒழுங்காக ஐந்நூறு அடியிலேயே நின்றது. அதற்கு மேலே சாலை புழுதியாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் மைல்கல் வந்ததும் பஸ் டிரைவர் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொல்வார். பயணிகள் ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வீடுகளைக் கடப்பார்கள்.