நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

1

இந்தக் கதை மருத்துவமனைக் காத்திருப்பறையில் எனக்குக் கிடைத்தது என்று முதல் வரி எழுதி வைத்திருந்தேன். அது பொய். அக்கா தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னாள். பொய்யான வரிதான் எடுப்பாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

அக்கா வழக்கறிஞர். மேல்முறையீட்டு வழக்குகள் மட்டும். பதினாறு வருடம் அரசுத் தரப்பு, அதன்பின் சொந்த அலுவலகம். எழுதுவதற்குச் சம்மதித்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"என்னை நல்லவளா ஆக்கிடாதே."

2

(கதைக்குள் கட்டுரை வரக் கூடாது என்பார்கள். ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மேல்முறையீட்டில் சாட்சிகள் வருவதில்லை. அவர்கள் கீழ் நீதிமன்றத்தில் சொன்னதெல்லாம் தட்டச்சாகி, கட்டாக வரும். யார் அழுதார், யார் தடுமாறினார் என்பது தட்டச்சில் தெரியாது. சிறையில் இருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவருக்காகவோ எதிராகவோ வாதாடி முடித்துவிடலாம். அக்கா அப்படி நானூறு வழக்குகளுக்கு மேல் வாதாடியிருக்கிறாள். எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு பதில் சொல்வதால் நீதிமன்ற ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பக்க எண் மேடம்'. அத்தான் வண்டிச் சாவியைத் தொலைத்தால், "எந்தப் பக்கத்துல இருக்குன்னு உங்க அக்காவையே கேளு மச்சான்" என்பார்.

3

வழக்கு இது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேலாளர் திறந்த மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அவரைத் தள்ளிவிட்டதைத் தன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததாக எதிர்க் கட்டடத்துப் பெண் சாட்சி சொன்னார். வேறு சாட்சி இல்லை. மெக்கானிக்குக்கு ஆயுள் தண்டனை. அவர் மேல்முறையீடு செய்தார். தண்டனை நிலைக்க வேண்டும் என்று வாதாட அரசு அனுப்பியது அக்காவை.

கட்டின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் போலீஸ் வரைந்த படம் இருந்தது. அதில் அந்தச் சமையலறை ஜன்னல் சாட்சியின் கட்டடத்துக்குப் பின்பக்கம் பார்த்திருந்தது. மாடிப்படி இருந்ததோ அதன் முன்பக்கத்துக்கு எதிரே.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பே அக்கா இதைக் கண்டுவிட்டாள். மெக்கானிக்கின் வக்கீல் காணவில்லை. யாராவது கேட்டால் சொல்வதற்கு, சாட்சி பதற்றத்தில் கூடத்து ஜன்னலைச் சமையலறை ஜன்னல் என்று சொல்லியிருக்கலாம் எனத் துண்டுத் தாளில் பதில் எழுதிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் மேல்முறையீடு தள்ளுபடியானது.

[அன்று மாலை வீடு திரும்பிய அக்கா, கண்ணாடி முன் நின்று தன்னையே வெகுநேரம்

இல்லை. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள். கேட்டேன், சொன்னாள்.]

4

ஒன்பது வருடம் கழித்து, அக்காவின் இரண்டறை அலுவலகத்துக்கு மெக்கானிக்கின் மனைவி வந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர். பழைய கட்டுகளில் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பவர் இந்த மேடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே அக்காவின் பெயர் இருந்தது. வக்கீல்களின் பெயரைப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

"இதை நான் எடுக்க முடியாதும்மா. அன்னைக்கு அரசாங்கத்துக்காக எதிர்ல நின்னது நான்தான்."

அவர் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா உட்காரச் சொல்லி, நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். ஜன்னலிலிருந்து மாடிப்படிவரை விரலால் கோடிழுக்கப் பார்த்த அவருக்குச் சுவர் குறுக்கே வந்தது.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எங்க பொண்ணுக்கு மூணு வயசு" என்றார். அவ்வளவுதான்.

(என் முதல் பிரதியில் இந்த இடத்தில் அவர் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டார். அக்கா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'தொடவே இல்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.)

5

வழக்கை அக்கா வேறொரு வக்கீலிடம் அனுப்பினாள். படம் மட்டும் போதாது, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கேட்கும் என்றார் அவர். அதனால் அக்கா பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டாள்: பார்த்தேன், பேசாமல் இருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

பக்கத்தைக் காட்டிக் கொடுத்தாயே, அது போதாதா என்று அத்தான் கேட்டார்.

"பக்கம் அங்கேயேதான் இருந்தது. பேசாம இருந்தது நான்."

அரசுத் தரப்பில் அவளுக்கு மேலே இருந்தவர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். எதிராளியின் வேலையையும் நீயே செய்திருக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லையே என்றார். (எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அக்காவிடம் கேட்கத் துணிவில்லை.) நீதிபதி பதவிக்கான பரிசீலனையிலிருந்து அவள் பெயர் போனது. வழக்கோடு வருபவர்களும் குறைந்தார்கள். மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்க உத்தரவானது. மெக்கானிக் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஜாமீனில் வெளியே வந்தார். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

6

முடிவு.

விடுதலை என்று முடிக்கலாம். நடக்கவில்லை. சாட்சிப் பெண் உண்மையை ஒப்புக்கொண்டார் என்று முடிக்கலாம். அவர் இறந்து நான்கு வருடமாகிறது.

நடந்தது இது. வெளியே வந்த மூன்றாவது வாரம், ஒரு மதியம், மெக்கானிக் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன். கட்டையான உருவம், முழுக்க நரைத்த தலை. தான் எதிர்த்து வாதாடிய ஒருவரை அக்கா நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னாள். கதவு மூடியது. பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் இருக்கும். குரல் உயரவில்லை. அவர் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சொன்னா நீ எழுதிடுவே" என்றாள் அக்கா.

ஆகவே அந்த அறையை உங்களிடம் விடுகிறேன். மன்னித்தார் என்று எழுதத் தோன்றினால் எழுதுங்கள். சபித்தார் என்றும் எழுதலாம். ஆனால் பன்னிரண்டு வருடம் உள்ளே இருந்தவராக இருந்து எழுதுங்கள். என்னால் முடியவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் அக்காவுக்கு வேண்டியதைத்தான் பேசினார்.