பூப்போட்ட கோப்பை

முரேஷ் ஆற்றங்கரையில், ரோமா ஜனங்கள் நாங்கள் இருக்கும் தெருவுக்கு வேலை கொடுப்பதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் முதல் போட்டு ஒரு சலவை ஆலை கட்டினார்கள். கட்டுவதற்கு முன் வீடு வீடாக வந்து துருவினார்கள். எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள், எத்தனை பல் சொத்தை, எல்லாம் கேட்டார்கள். துணியை எப்படித் துவைப்பீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

மேசை விரிப்பையும் படுக்கை விரிப்பையும் ஒரே தண்ணீரில் போடுகிற வீட்டில் நாங்கள் கை நனைக்க மாட்டோம்; எங்களுக்கு அது தீட்டு. ஆலையிலோ ஹோட்டல் துணி எல்லாம் ஒரே இயந்திரத்துக்குள் போனது. எங்கள் தெருவிலிருந்து சேர்ந்த ஏழு பெண்களில் ஆறு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். மிச்சம் வேலை செய்தவர்களெல்லாம் கஜோ பெண்கள், அதாவது ரோமா அல்லாதவர்கள். நான் நிற்கவில்லை. புருஷன் ஜெர்மனிக்குப் போய் நாலு வருஷம், அவன் ஃபோன் நின்று இரண்டு வருஷம். என் வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா?

அன்றிலிருந்து என் ஓர்ப்படி லுலுதி என் காபியைத் தொடவில்லை. பதினோரு வருஷமாக தினம் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து குடித்தவள். வாசலில் நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவாள். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

பொறுக்க முடியாமல் மேற்பார்வையாளர் கொரினாவிடம் போய், மேசை விரிப்புக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்று நின்றேன். தண்ணீர் யார் வீட்டுச் சொத்து என்று கேட்டாள். மூன்று வாரம் விடாமல் நச்சரித்தேன். தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டாள்.

அன்று பேருந்திலிருந்து இறங்கி ஓடிப்போய் லுலுதியை இழுத்து வந்தேன். சேதியைச் சொல்லி, பூப்போட்ட கோப்பையில் காபி ஊற்றி நீட்டினேன். ஜோடிக் கோப்பை, என் கல்யாணத்துக்கு அவள் கொடுத்தது. வாங்கிக்கொண்டாள்.

"அங்க அந்தக் கஜோ பொம்பளைங்க உனக்கு எதுல காபி குடுக்கறாளுங்க?"

காகிதக் கோப்பையில் என்றேன். அவர்கள் எதில் குடிக்கிறார்கள் என்றாள். பீங்கான் என்றேன்.

"துணிக்கு மிஷின் கேட்டு வாங்கத் தெரியுது, உனக்கு ஒரு கோப்பை கேக்கத் தெரியலையாடி? அவளுங்களோட ஒண்ணா குடிச்சிட்டு வா. அப்பறம் உன் காபியும் குடிக்கறேன், வேலைக்கும் வரேன்."

கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஜோடியில் ஒன்றைக் கொண்டுபோய், ஆலையில் கோப்பைகள் தொங்கும் ஆணிவரிசையில் மாட்டினேன். மத்தியானம் பார்த்தால் வரிசையில் என் கோப்பை மட்டும் தொங்கியது. மற்றவையெல்லாம் அலமாரிக்குள் போய்விட்டன.

வீட்டுக்கு வந்து லுலுதியிடம் மறைக்காமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே கோப்பையை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அங்க தொங்குனதா அது?" என்று கேட்டாள். பிறகு, தான் வழக்கமாகக் குடிக்கும் அந்த ஜோடிக் கோப்பையை எடுத்து மேல்தட்டுக்கு மாற்றிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலித்தது.

இப்போது என் கோப்பை கைப்பையில் இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது பேருந்து மாறும் நிறுத்தத்தில் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிளாஸ்கிலிருந்து ஊற்றி அங்கேயே குடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால், கொஞ்சம் குடிக்கிறீர்களா என்று கேட்க வாயெடுப்பேன். இதுவரை கேட்டதில்லை.