பத்துக்கு எவ்ளோ?

கூட ஓடுகிறவர்கள் அவனைக் குதிரை என்பார்கள். அந்தக் குதிரை எட்டு மாதமாகக் குதிகாலுக்கு மேலே தசைநாண் வீங்கி, இப்போது மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தது. ஓய்வெடுத்தால் சரியாகும் என்று முதல் ஆறு மாதம் மல்லாந்து கிடந்ததில் ஒரு மண்ணும் நடக்கவில்லை. இப்போது பயிற்சி. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நோவுள்ள காலின் குதிகாலை மெல்ல இறக்க வேண்டும். மேலே வருவதற்கு நல்ல கால். காலையில் நாற்பத்தைந்து, மாலையில் நாற்பத்தைந்து. வாராவாரம் முதுகுப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் கூடும்.

கூட்டாளிகள் முதல் மாதம் வந்து பார்த்தார்கள். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஓட்டம் இருந்தது, பாவம்! அண்ணன் எப்போதாவது ஃபோனில், "இன்னும் படியிலதான் நிக்கிறியா?" என்று சிரிப்பான். தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் கூப்பிட்டது இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்த பிசியோ அக்கா மட்டும்தான்.

"தம்பி, வலி இன்னைக்குப் பத்துக்கு எவ்ளோ?"

வலி ஒரு வாரம் மூன்றுக்குக் கீழே நின்றால் ஓடலாம் என்று கடிதம் தருவார். ஃபோன் அதோடு நின்றுவிடும்.

ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியது. ஒருநாள் காலை வலியே இல்லை. அவன் வாய் "நாலு" என்றது. ஏனென்று அவனுக்கே விளங்கவில்லை. மறுநாளும் நாலு. மூன்று வாரமாக நாலு. அணித் தேர்வுக்கு இன்னும் ஆறே நாள். கடிதம் இல்லாமல் கோட்டில் நிற்க விடமாட்டார்கள். ஓடுவதற்கென்றே வாழ்ந்த பயல், அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டிருந்தான்.

அக்கா நேரில் வரச் சொன்னார்.

"ஒத்தக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கு."

முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

"நாலு வலிக்கிற கால் இப்படித் தூக்காது. எல்லாரும் ஓடணும்னு வலியைக் குறைச்சுச் சொல்லுவாங்க. கூட்டிச் சொன்ன ஆள் நீ ஒருத்தன்தான்பா!"

"சைபர்னு சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்களே அக்கா."

சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மறுநாள் ஏழு மணிக்கு, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு ஃபோனையே பார்த்திருந்தான். அடிக்கவில்லை. ஏழேகாலுக்கு எழுந்து தெருவில் இறங்கி ஓடினான். கால் துளிகூட நோகவில்லை. அழுகைதான் வந்தது. முனை திரும்பும்போது, யாரும் கேட்காமலே, "சைபர்" என்று சத்தமாகச் சொன்னான்.