கொழுந்தன் வீட்டுக்குப் போன புகை

தோணிரேவை அடுத்த குப்பத்தில் வேலம்மா வீட்டு அடுப்புப் புகை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பதினாறு வீடுகளைத் தாண்டி, கொழுந்தன் துளசிங்கத்தின் வீட்டுக்குள் மட்டும் மூன்று வருடம் போய்க்கொண்டிருந்தது. எரிந்தது அவள் புருஷன் பெரியசாமியின் படகு. ஏரியில் இன்ன நாள் இன்ன குடும்பம் வலை போடலாம் என்று முறை வைத்துக் கொடுப்பதற்குப் பாடு என்று பெயர், அது ஆண்பிள்ளைக்குத்தான். பெரியசாமி மாரடைப்பில் போனதும், மகள் மட்டுமே இருந்த அந்த வீட்டின் பாட்டைத் தம்பி எடுத்துக்கொண்டான். மீனில் பாதி தருவதாகச் சொன்னவன், கருமாதி முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு, கரையில் கிடந்த படகையும் கேட்டு ஆள் அனுப்பினான்.

"படகு வோணுமாமா? அடுப்புல வெச்சு அனுப்புறேன்னு சொல்லு," என்றாள் வேலம்மா. சொன்னபடியே கோடாலியை எடுத்தாள்.

வருடத்துக்கு ஒரு பூச்சு வீதம் பன்னிரண்டு பூச்சு பெயிண்ட்டும், அடியில் விரல் தடிமனுக்குத் தாரும் ஏறிய பலகைகள் அவை. புகை ஒரு நாள் பச்சையாகவும் ஒரு நாள் நீலமாகவும் வந்தது. தார் எரியும் நாளில் கறுப்பு. துளசிங்கம் ஜன்னல்களை அடைத்தான். சாவித் துவாரம் வழியே வந்தது. அனுப்பம்பட்டில் மச்சான் வீட்டில் போய்த் தங்கினான். மூன்றாம் நாள் காலை புகை மின்சார ரயிலில் வந்து இறங்கியது. அதனிடம் டிக்கெட் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மச்சான் பெண்டாட்டி அன்றைக்கே அவனைக் கிளம்பச் சொல்லிவிட்டாள். பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடேன் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்கு, இருமியே சாவேனே தவிர ஒரு நாள் பாடுகூடத் தரமாட்டேன் என்றான். பிடிவாதத்தில் அண்ணியும் கொழுந்தனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி.

சுகாதார நர்ஸ் ஹேமாவதி வேலம்மாவின் அடுப்படியை வந்து பார்த்தாள். சுவரில் கரி இல்லை. தாயும் மகளும் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஆனாலும் வந்த வேலையை விடாமல், பெயிண்ட் அடித்த கட்டை, தார்க்கட்டை, கிழிந்த நைலான் வலை எதையும் அடுப்பில் வைக்கக் கூடாது, அந்த விஷம் நெஞ்சில் போய் உட்காரும், வெட்டி ஆறு மாதம் காய்ந்த சவுக்கு விறகுதான் நல்லது என்று சொன்னாள். உட்கார வேண்டிய நெஞ்சில்தான் உட்காருகிறது என்றாள் வேலம்மா.

துளசிங்கத்தின் மருமகள் கலைவாணிக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் விஷயம் சிக்கலானது. மூன்று மாதப் பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. எளாவூரில் தாய் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்; இரண்டே நாளில் தெளிந்தது. புகைக்குப் பயந்து ஓடினார்கள் என்று ஊர் பேசுமே என்று, துளசிங்கம் மகனை அனுப்பித் திரும்பக் கூட்டி வந்தான். இன்னொரு மாதம் இப்படியே போனால் பிள்ளை தாங்காது என்றாள் ஹேமாவதி. மறுநாள் கலைவாணி காய்ந்த சவுக்குக் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து, பதினாறு வீடும் பார்க்க நடந்து வந்து, வேலம்மா வாசலில் போட்டாள்.

"பெரியத்தே, இத எரிங்க. உங்க சண்டைய நிறுத்தச் சொல்லல. எம்புள்ள மூச்சு மட்டும் எனக்கு வோணும்."

அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் அதன்மேலும் வேலம்மாவுக்குக் கசப்பு இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனாலும் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை நினைத்துப் படகுப் பலகையை ஒதுக்கினாள். சவுக்கை வைத்தாள். அதன் புகை எங்கும் போகாமல் அவள் அடுப்படியிலேயே சுற்ற, மூன்று வருடத்தில் முதன்முறையாக அவள் கண் எரிந்தது. கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துப் புகைக்கு வழி விட்டாள். குழந்தை ஒரு வாரத்தில் தேறியது. அண்ணியை அடக்கிவிட்டேன் என்று துளசிங்கம் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அது கலைவாணியின் காதிலும் விழுந்தது. அடுத்த மாதம் எளாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பியவள், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலம்மா வாசலில் நின்றாள்.

"நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன் பெரியத்தே. திரும்பி வர ஞாயித்துக்கெழம ஆவும்."

வேலம்மா தலையாட்டிவிட்டு, கொல்லையில் மிச்சமிருந்த பலகைகளில் தார் அதிகம் ஒட்டியதாகப் பார்த்து எடுத்தாள். அன்று முதல் குப்பத்தில் தலைக்கு மேலே கறுப்புப் புகை போனால் கலைவாணி ஊரில் இல்லை என்று அர்த்தம். அவளைப் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போகிறார்கள்.