எடைமேடைக்குப் புதுக் கெர்னல்

எங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் என் தம்பி அறிவழகனுக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், லீவுக்கு மரக்காணம் வந்தவன், சும்மா இருக்கக் கூடாதா?

"இதுல ஓடுற கெர்னல் ரொம்பப் பழசுக்கா. எவன் வேணா உள்ள பூந்துடுவான். புதுசு கட்டித் தர்றேன்" என்றான். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் அடிமூளையாம். உப்பு எடையைத் திருட எவன் வரப்போகிறான்? இருந்தும், அங்கே எடைச்சீட்டுப் போடுகிறவள் என்பதால், முதலாளி பலராமனிடம் நானே அனுமதி வாங்கித் தந்தேன்.

பெட்டியில் ஒட்டியிருந்த பிராசசர் பெயரைப் படித்து, புதுக் கெர்னலை அதற்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றும்படி, லேப்டாப்பில் கம்பைலர் என்ற மென்பொருளுக்குச் சொன்னான். இடம் போதாமல் பழைய கெர்னலை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டான். திரை கறுத்தது. அவன் முகமும்தான்.

வெளியே காலி லாரி நின்றது. காலி எடை போட்டால்தான் சரக்கு ஏற்றலாம். சரக்கு எங்கள் குத்தகைப் பாத்தி உப்பு, ஒரு வருஷப் பாடு. லாரியைப் பார்த்ததுமே என் வீட்டுக்காரர் தேசப்பன் குவியல் மேலிருந்த ஓலையைப் பிரித்துவிட்டார். மட்கிய ஓலை, மறுபடி வேய உதவாது. கடல் பக்கம் மேகம் கட்டியது.

"கூனிமேட்டு எடைமேடையில எடை போட்டுக்கட்டுமா மொதலாளி?" என்றேன்.

"நம்ம சீட்டு இல்லாம ஒரு வண்டி வெளிய போவாது" என்றார்.

அறிவழகன் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஆதிகாலத்துப் பிராசசர். உப்புக் காற்றில் புதுக் கம்ப்யூட்டரின் உள்பாகம் அரித்துப்போக, பழையதன் உள்பாகத்தை அதற்குள் பொருத்தி, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை 'புது சிஸ்டம்' என்று மாலை போட்டு வந்திருக்கிறார் பலராமன்.

"ஏன் சார் சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா."

பழைய பிராசசருக்கென்று கட்டப் பார்த்தான். புதுக் கெர்னலில் அதற்கு இடமே கிடையாதாம். பழைய கெர்னலை நெட்டிலிருந்து இறக்கினான். புதுக் கம்பைலர் வரிக்கு வரி தப்பு என்றது. பழைய கம்பைலரை இறக்க, சிக்னல் தேடி உப்பளக் கரையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் பாதிக் குவியலுக்கும் எட்டவில்லை; மூடியதையும் அடியில் ஓடிய தண்ணீர் அரித்தது. உப்பு கரைந்து, வந்த பாத்திக்கே திரும்பி ஓடியது. வாய்விட்டு அழுதேன்.

"வந்துடுச்சுக்கா!" என்று உள்ளே கத்தினான் தம்பி. அவன் அழித்த அதே கெர்னல். காலி லாரியின் எடையைக் கிலோ பிசகாமல் காட்டியது.

சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், குவியல் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏத்தறதுக்கு என்னாம்மா இருக்குது?"