நான்காம் மேஜையின் போன்

புதுப் போன்கள் வந்த பெட்டிகளை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டார் எங்கள் சூப்பர்வைசர். ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் குப்பை சேரக்கூடாதாம். எந்தப் போன் எந்த மேஜைக்கு என்று எழுதியிருந்ததே அந்தப் பெட்டிகளின் மேல்தான். நெட்வொர்க் வேலைக்கு வந்திருந்த பெண் தலையில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவளோ சிரித்தாள்.

"விடுங்கக்கா. எதை எங்க சொருகினாலும் அதுவே சொல்லிடும்."

என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பழைய இணைப்பை நிறுத்தி, இந்தப் புது இன்டர்நெட் போன்களுக்கு அழைப்புகளைத் திருப்பிவிட வேண்டும். நடுவில் ஒரே ஓர் அழைப்பு தவறினாலும் எங்கேயோ ஓர் உயிர் போய்விடும். பழைய போன்களை வைத்த மனிதர் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து எண்களைத் தட்டி, பாதியைத் தப்பாகத் தட்டி, எங்களை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். இவள் ஒரு வயரைச் சொருகினாள், அவ்வளவுதான். கரண்டும் அதே வயரில். இருண்டிருந்த திரை விழித்துக்கொண்டது.

"இப்ப என்னம்மா பண்ணுது?"

"நான் யாருன்னு சர்வர்கிட்ட கேக்குதுக்கா. ஒவ்வொரு போனுக்குள்ளயும் ஒரு தனி நம்பர் இருக்கு. அதைப் பாத்துட்டு, நீ இன்ன மேஜை, இப்படி இப்படி நடந்துக்கோன்னு சர்வர் சொல்லிக் குடுத்துடும்."

திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டது. பிறந்த குழந்தை அழக் காத்திருப்பவர்கள் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 'மேஜை 4' என்று எழுத்து வந்தது. அடேயப்பா! வாய்விட்டே கத்திவிட்டேன். அது என் மேஜை. போன் கிடந்ததோ ஆறாம் மேஜையில். தூக்கி வந்து என்னிடத்தில் சொருகினேன். மறுபடியும் தன்னை மறக்காமல் 'மேஜை 4' என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மற்றவையும் விழித்தன. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியதில் அறையே சந்தைக்கடை ஆனது. சூப்பர்வைசர் மட்டும் எல்லாம் தன் திட்டப்படி நடப்பதுபோல நின்றிருந்தார்.

சோதனைக்கு அடித்துப் பார்த்தோம். எல்லாம் சரி.

"திருப்பிடட்டுமாக்கா?"

அழைப்பு எடுப்பவர்களில் மூத்தவள் நான். தலையாட்டினேன்.

பழைய போன்கள் அடங்கின. அந்த அறை அப்படி வாய்மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது. பிறகு என் போன் அடித்தது.

"அப்பா விழுந்துட்டாருங்க... மூச்சே இல்லைங்க..."

ஒரு பெண். பக்கத்தில் நின்று அழுவதுபோல அத்தனை தெளிவு. விலாசத்தைக் கேட்டு, வண்டியை அனுப்பச் சொல்லி அடுத்த மேஜைக்குச் சைகை காட்டினேன்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. நான் கூடவே இருக்கேன். நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வை. அழுத்தி அமுக்கு. என்கூட எண்ணு. ஒண்ணு... ரெண்டு... மூணு..."

எண்ணிக்கொண்டே நிமிர்ந்தேன். நெட்வொர்க் பெண் அசையாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைய நீர். அவளுடைய இரு கைகளும் ஒரு காலி மேஜையின் மீது, ஒன்றன்மேல் ஒன்றாக, என் எண்ணிக்கைக்கு அமுங்கி அமுங்கி எழுந்துகொண்டிருந்தன. காதில், அழைத்த பெண்ணும் அழுகையோடு எண்ணத் தொடங்கினாள்.