திரும்பிப் பார்த்தவள்

என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வீட்டுக்குள் பேசினால் தெருமுனையில் பால்காரன் நின்று பதில் சொல்வான் என்பது என் வீட்டுக்காரரின் கேலி. சொல்லிக்கொள்ளட்டும். இந்தத் தொண்டை மட்டும் இல்லையென்றால் அந்தக் கேலி பேச அவர் இன்றைக்கு இருந்திருக்க மாட்டார்.

அவர் பெயர் இஞ்ஞாசி. காரைக்காலில் பம்புசெட் மெக்கானிக். ஒரு பழைய புல்லட் வைத்திருந்தார். என்னைவிட அதைத்தான் அதிகமாகத் துடைப்பார். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், ஒரு சனிக்கிழமை, அதில்தான் சுரக்குடியிலிருக்கும் என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினோம். மறுநாள் அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம், முதல் நாளே போய்ச் சமையலுக்கு நிற்க வேண்டும்.

திருநள்ளாறு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர் போய்க்கொண்டிருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு வருகிற வண்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பழைய துணியை அங்கேயே விட்டு, புதுசு கட்டிக்கொண்டு கிளம்பினால் சனி அதோடு போய்விடும். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது கூடவே வந்துவிடும் என்பார்கள். இது வேதக்காரர்களான எங்களுக்கும் தெரியும். அந்தக் காரில் இருந்தவர்களோ அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். டிரைவர் கண்ணில் தப்பித் தவறிக்கூடப் பின்பக்கம் படக் கூடாது என்று உள்ளே இருந்த கண்ணாடியில் ஒரு மஞ்சள் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இப்படி ஒரு புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது?

அறுப்புக் காலம். ரோட்டில் பாதிக்கு வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு காரைத் தாண்டப் போனார். பின்னால் கேட்பது எதையும் காதில் வாங்குவதில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஹார்ன் எங்கே கேட்கும்? அச்சில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும் என்று டிரைவர் சடாரென்று வலது பக்கம் ஒடித்தான். காரின் பக்கவாட்டு எங்களை அப்படியே வாரிப் போட்டது.

நான் வைக்கோல்மேல் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இவரோ புல்லட்டுக்கு அடியில் கிடந்தார். தொடை கிழிந்து ரத்தம் குபுகுபு என்று வந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சைக்கிள்கூட இல்லை.

கார் கொஞ்ச தூரத்தில் நின்றது. நின்றதே தவிர ஒருத்தர் தலையும் அசையவில்லை. முன் சீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது.

"திரும்பாதீங்க! யாரும் திரும்பாதீங்க! டிரைவரே, வண்டிய எடுங்க!"

அப்போது போட்டேன் பாருங்கள் ஒரு கூச்சல்.

"அடப் பாவிகளா! மனுசன் சாவுறான்டா! நீங்கல்லாம் புள்ள குட்டி பெத்தவங்கதானா? மாதாவே, இவங்களக் கேக்க ஆளே இல்லையா!"

பின் கதவு திறந்தது. ஓர் அம்மாள் இறங்கினாள். மடிப்புக் கலையாத புதுச்சேலை, தலையில் ஈரம்கூடக் காயவில்லை. ஒரு நொடி எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். பிறகு திரும்பினாள். திரும்பிப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

புல்லட்டை ஒரு பக்கம் தூக்கு என்று கையைக் காட்டினாள். தூக்கினேன். இவரை வெளியே இழுத்தாள். புதுச்சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினாள். காரைப் பார்த்து, "வண்டியத் திருப்புடா!" என்றாள். நான் கத்தியதெல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கார் வந்த வழியே திரும்பியது. எந்தக் கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாதோ அதே கோபுரத்தைத் தாண்டி, அதே குளத்தெரு வழியாகக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க இவர் காலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, ஜன்னலில் சாய்ந்து கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் பெயர் காசியம்மா, வலங்கைமான் பக்கம். முன் சீட்டில் கத்தியவர் அவள் வீட்டுக்காரர் வைத்தியலிங்கம். மூத்த மகன் போன வருஷம் காமாலையில் போய்விட்டான். இப்போது மகள் அல்லிக்கும் அதே காமாலை. இவளாவது தங்கட்டும் என்றுதான் குளத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இவர் நடக்க ஏழெட்டு மாதம் ஆனது. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிப் போனது. நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் காசியம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வலங்கைமானுக்கு பஸ் ஏறினார்.

அல்லி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். காசியம்மா பாதியாக இளைத்திருந்தாள். பிள்ளைக்கு உடம்பு சுட்டால்கூட வீட்டில் அத்தனை பேரும் இவள் முகத்தைத்தான் பார்க்கிறார்களாம். வைத்தியலிங்கம் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

"எல்லாம் இவ திரும்பிப் பாத்ததுல வந்த வென. விட்டுட்டு வந்தத வீட்டுக்கே கூட்டியாந்துட்டா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். இவர் என் கையை அழுத்தினார். காசியம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, மொதல்ல புள்ளயக் காரைக்கால்ல நல்ல டாக்டர்ட்ட காட்டுவோம். எங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். ஒடம்பு தேறட்டும். அப்பறம் மறுபடியும் கொளத்துக்குப் போயிட்டு வந்துடுங்க."

"போலாம் தம்பி. அன்னைக்கு மாதிரி பின்னாடி யாராச்சும் கத்துனா நான் திரும்பிடுவனே. என்னால திரும்பாம இருக்க முடியாது தம்பி."

இவர் கொண்டுபோன சேலையை அவள் கையில் கொடுத்தார். பிறகு, "பின்னாடி நான் வர்றேன்க்கா. பின்னாடி என்ன நடந்தாலும் அது என் பாடு. நீங்க நேரா பாத்துக்கிட்டு போங்க" என்றார்.

நான் கட்டியிருக்கிற மனுஷன் எப்பேர்ப்பட்டவர் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

அல்லி எங்கள் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். மருந்து, பத்தியம், என் ஏச்சு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கன்னத்தில் சதை போட்டுவிட்டாள். கூடவே தங்கியிருந்த காசியம்மாவுக்குத்தான் மனசு தேறவில்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து மகள் மூக்கில் கை வைத்துப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை மகளும் தாயும் குளத்தில் முழுகினார்கள். நானும் இவரும் கோயிலுக்கு வெளியே புல்லட்டோடு நின்றோம். வைத்தியலிங்கம் மறுபடியும் காருக்குள் கண்ணாடியில் துண்டைச் சுற்றப் போனார். டிரைவர் முறைத்தான். இவர்தான், "கட்டிக்குங்க, கட்டிக்குங்க. ஒருத்தனும் தாண்டாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

கார் கிளம்பியது. பின்னாலேயே நாங்கள். தாண்ட வந்த வண்டிகளையெல்லாம் இவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு பஸ்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான், பதிலுக்கு நானும் கொடுத்தேன். பின் கண்ணாடி வழியாகக் காசியம்மாவின் ஈரக்கொண்டை தெரிந்தது. அசையவே இல்லை.

சுரக்குடி வளைவு வந்தது. அன்றைக்கு அடிபட்ட அதே இடம். மழையில் பள்ளம் விழுந்திருந்தது. வண்டி இறங்கி ஏறியதில் இவர் குட்டைக் கால் ஊன்றத் தோதில்லாமல் நழுவியது. புல்லட் சாய்ந்தது. இரண்டு பேரும் சரளையில் விழுந்தோம். சூடான சைலன்சர் என் கெண்டைக்காலில் பட்டுத் தோல் உரிந்தது. உயிர் போகிற வலி. "ஐயோ" என்று வாயைத் திறந்தேன்.

கிரீஸ் கை ஒன்று என் வாயைப் பொத்தியது.

"கத்தாதடி செல்வம், கும்புட்டுக் கேக்கறேன். அந்தக்கா திரும்பிடும்."

அவர் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கண் மட்டும் காரைவிட்டு நகரவில்லை. நான் அவர் கையை எடுத்துவிட்டேன். பொத்த வேண்டிய அவசியமில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். கார் சிறிதாகிக்கொண்டே போய், வளைவு திரும்பி, வயலுக்கு அப்பால் மறைந்தது. அந்த ஈரக்கொண்டை கடைசி வரைக்கும் திரும்பவில்லை.

"போயிட்டாங்க. இப்ப எவ்ளோ வேணாலும் கத்திக்க" என்றார் இவர்.

எனக்குக் கத்த வரவில்லை. நடு ரோட்டில் அவர் தோளில் சாய்ந்து, சத்தமே இல்லாமல் அழுதேன்.